ஈரமில்லாத இடம்

பத்தடிக்குப் பன்னிரண்டடி.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று
பிள்ளையை ஏந்திக்கொண்டு
நடுக்காம்பராவில் நின்றபடியே கேட்டாள் பத்மசீலி:
"எங்கிட்டுப் போடுறது?"

இரண்டரைக் கிலோ.
கடையில் சீனி வாங்கினால்
ஒரு கையில் தூக்கிவரும் பாரம்.
அதை இறக்கிவைக்க
இந்த வீட்டில் ஓரிடம் இல்லையென்று
அதுவரை எனக்குத் தெரியாது.

கதவோரம் படுத்தால்
கீழிடுக்கால் மஸ்கெலியாக் குளிர் முழுதும் உள்ளே வரும்.
அடுப்போரம் சூடு உண்டு,
ஈரவிறகின் புகையும் உண்டு.
ஜன்னலடியில் தகரம் ஒழுகும்,
அங்கே ஏற்கெனவே ஒரு வாளி குடியிருக்கிறது.
பின்சுவரைப் பற்றிப் பேசவேண்டாம்.
அதற்குப் பின்னால் மலை.
போன ஐப்பசியில் விழுந்த வெடிப்பில்
என் சுண்டுவிரல் நுழைகிறது.

ஏணை கட்டலாமென்று
வளையில் சேலையைப் போட்டு
அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
வளை முனகியது.
மூட்டையைத் தாங்கியது.
பத்மசீலி ஒன்றும் பேசாமல்
சேலையை அவிழ்த்துவிட்டாள்.

புதன்கிழமை குசுமலதா மிஸ் வந்தார்.
சிங்களம் பாதி தமிழ் பாதி:
மல்லாத்திப் போடுங்க. தலகாணி வேணாம்.
பெரியாளுங்க போர்வைக்குள்ள வேணாம்.
புகையில வேணாம். காத்துல வேணாம்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.
வாசலில் குடையை விரிக்குமுன்
அவரும் ஒருதரம் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார்.
திரும்பி வந்து
பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

மிஞ்சியது என் இடம்.
அலுமாரிக்கும் நடுச்சுவருக்கும் இடையில்
ஒரு பாய் அகலம்.

எனக்கு இஸ்டோரில் இராவேலை.
மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவது.
நீள நீளப் படுக்கைகளில்
கனமில்லாமல் பரப்பிவைத்து
கீழிருந்து இளஞ்சூட்டுக் காற்று விடுவோம்.
சுவரில் இரண்டு வெப்பமானி.
சூடு கொஞ்சம் ஏறினாலும்
டீமேக்கர் ஐயா படியில் நின்று கத்துவார்,
பச்சையைப் பார்த்துப் பக்குவமா வைங்கடா என்று.
பதினோரு வருடமாகக் கேட்கிற வார்த்தை.
இந்த வாரம்தான் காதில் விழுந்தது.

ஆக, இரவில் அவளுக்கு, பகலில் எனக்கு.
பகலில் அவளுக்கு?
அடுத்த காம்பரா இருதயமேரி
கொழும்பில் யாரோ ஒருவர் பிள்ளையை வளர்க்கிறாள்.
சாவி எங்களிடம். கட்டில் சும்மா.
கரண்டு வெட்டிய வீடு, இராவுக்கு ஆகாது.
"படுக்கப்போடுங்க, தொரச்சாமி படத்தை மட்டும் எடுத்துறாதீங்க"
என்றாள் போனில்.
தொரச்சாமி அவள் மகன். ஏழு வயது.
ஹட்டனில் சித்தி வீட்டில் படுக்கிறான்.

பதினேழாம் நாள் இரவு
கோயில் ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள்,
மேல்லயத்து ஆட்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு.
மழையில் நான் ஓடிவந்தபோது
இரண்டாம் வகுப்பில்
இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு
மல்லாந்து கிடந்தாள் மகள்.
தலகாணி இல்லை. புகை இல்லை. காற்று இல்லை.
தலைக்குமேல் கரும்பலகையில்
யாரோ முடிக்காமல் விட்ட கழித்தல் கணக்கு.
நாற்பது பேர் குசுகுசுவென்று பேசினார்கள்.
சின்ன வாங்கில் உட்கார்ந்தபடியே
வாய் திறந்து தூங்கினாள் பத்மசீலி,
பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக.
எழுப்பாமல் நனைந்த சட்டையோடு நின்றேன்.
மழை இன்னும் ஒருநாள் பெய்தால் என்ன
என்று நினைத்ததை
யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போகச் சொன்னார்கள்.
போனோம்.
வெடிப்பில் இப்போது மோதிரவிரலும் போகிறது.

இன்று காலை வேலை முடிந்து வந்து
அவள் எழும்பிய பாயில் சாய்ந்தேன்.
சூடு அப்படியே இருந்தது,
ஒரு பூனைக்குட்டி அளவுக்கு.
பிறகு முதுகில் சில்லென்றது.
அடியே, என்றேன்,
வீட்டில் காய்ந்து கிடந்தது இந்த ஒரு இடம்தான்,
அதையும் நனைத்துவிட்டாயே.
சுவருக்கு அந்தப் பக்கம்
இருதயமேரியின் கட்டில் கிறீச்சிட்டது.
பத்மசீலி சிரித்திருப்பாள்.
அப்படியே தூங்கிப்போனேன்.